லிட்டில் இந்தியா கடைவீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மரபுடைமை மையப் பகுதிக்குள், எங்கள் தாத்தா விட்டுச்சென்ற பழைய கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) ஒன்று உள்ளது. கீழ்ச்சுவரில் இடுப்பளவு உயரத்திற்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. பெருக்கித் தள்ளினாலும் சில நாள்களில் வெள்ளைப் பொடி மீண்டும் படிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் உரித்துச் சிமெண்ட் பூசி, நீர் புகாத சாயம் அடித்துவிட்டால் கவலை தீர்ந்தது என்கிறார் குத்தகையாளர். அத்தை மட்டும் சிமெண்ட் கூடவே கூடாது என்கிறார்; ஏன் என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. யார் சொல்வது சரி? மாநகர் மன்றத்தின் அனுமதியும் வேண்டுமா?

மறுமொழி 1:
உங்கள் அத்தை சொல்வதே சரி, ஐயா. அக்காலச் செங்கல் மென்மையானது, நீரை எளிதில் உறிஞ்சக்கூடியது. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலமும் பொதுவாக இருக்காது. ஆகவே நிலத்தடி ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் அந்த ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறிவிடுகிறது. சிமெண்டும் நீர் புகாத சாயமும் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் இன்னும் மேலே ஏறும்; உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே பொடியாக்கிவிடும். நீங்கள் பெருக்கும் வெள்ளைப் பொடி அந்த உப்புதான். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். செங்கல் உதிர்ந்தால் என்ன செய்வது?

முதலில் கூரைத் தகரவாரி (மழைநீர் வழியும் தகரக் குழாய்), அஞ்சடியை (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) ஒட்டிய சாக்கடை, உள்முற்றத்தின் வடிகால் ஆகியவற்றைப் பாருங்கள். தரையில் பின்னாளில் பளிங்கு ஓடு பதித்திருந்தால், அங்கே ஆவியாக வழியில்லாத ஈரமும் சுவருக்கே போகும்.

மறுமொழி 2:
அனுமதியைப் பொறுத்தவரை, 2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. இங்கு மையப் பகுதி 109.38 ஹெக்டர். அதற்குள் இருக்கும் பழைய கடைவீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகைக் கட்டடங்கள், அதாவது இயன்றவரை பாதுகாக்க வேண்டியவை. உரிப்பதற்கு முன்பே மாநகர் மன்றத்தின் மரபுடைமைப் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். சுவரின் இப்போதைய நிலையையும் படம் எடுத்து வையுங்கள்.

பழைய வீடுகளின் வாடகையை உயர்த்தவிடாத வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முற்றிலும் நீங்கும்வரை, கிடைத்த வாடகைக்குப் பழுதுபார்ப்பு கட்டுப்படியாகாது என்று உரிமையாளர்கள் பலர் விட்டுவிட்டார்கள். அந்த அலட்சியம்தான் எத்தனையோ வீடுகளைச் சிமெண்டிலிருந்து காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்று மூலையில் தரை ஓடு ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தோம். முன்பு குடியிருந்தவர் பழைய செம்மண் ஓட்டுத் தரையின் மேலேயே பளிங்கு ஓடு பதித்திருக்கிறார், அடியெல்லாம் ஈரம். அதை எடுத்துவிட்டு உடனே சுண்ணாம்பு பூசலாமா?

மறுமொழி 1:
உடனே வேண்டாம். சுவர் உலரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வெளிவரும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள்; நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளேயே போய்விடும்.