1964இல் ஃபேனி லூ ஹேமர் பேராளரா? சன்ஃபிளவர் கவுண்டிப் பட்டியல் குறித்து

ஏட்டுப்பிள்ளை:
அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மாவட்டம் போன்ற பகுதியான சன்ஃபிளவர் கவுண்டியிலிருந்து, குடியரசுத் தலைவர் வேட்பாளரை முடிவு செய்யும் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடுகளுக்குப் பேராளர்களாகச் சென்றவர்களைப் பட்டியலிட்டு வருகிறேன். ரூல்வில் ஊரைச் சேர்ந்த கறுப்பின உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரின் பெயரை 1968 சிகாகோ மாநாட்டிலிருந்து சேர்ப்பதுதான் முறை என்பது என் நிலைப்பாடு. 1964இல் அட்லாண்டிக் சிட்டிக்கு அவர், கறுப்பின மக்களை விலக்கிய மாநிலக் கட்சிக்கு மாற்றாகத் தொடங்கப்பட்ட மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் குழுவோடு வந்தார் என்பதையும், அக்குழுவின் துணைத் தலைவராக இருந்தார் என்பதையும் நான் அறிவேன். ஆனால் மாநாடு அவருக்கு இருக்கை தரவில்லை. மாநாடு யாரை ஏற்றுக்கொள்கிறதோ அவரே பேராளர். பிறரை அந்தப் பெயரால் அழைத்தால் பட்டியல் புகழுரையாகிவிடும்.

வைகைக்கரை:
ஐயா, உங்கள் கறாரான அணுகுமுறையை மதிக்கிறேன். ஆனால் அதை அடிப்படையிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பேராளர் மாநாட்டு அரங்கில் பிறப்பதில்லை. வாக்குச்சாவடி வட்டக் கூட்டத்தில் தொடங்கி, கவுண்டிக் கூட்டம், மாநிலக் கூட்டம் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருபவரே பேராளர். 1964 ஜூன் 16 அன்று மிசிசிப்பியில் அந்த வட்டக் கூட்டங்கள் நடந்தபோது, கலந்துகொள்ளச் சென்ற கறுப்பின மக்கள் பல ஊர்களில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சில இடங்களில் கூட்டமே நடக்கவில்லை. அதன் பிறகுதான் அவர்கள் தாங்களாகவே, எல்லாருக்கும் கதவைத் திறந்துவைத்து, அதே படிநிலைகளில் கூட்டங்களை நடத்தி, ஆகஸ்ட் 6 அன்று ஜாக்சன் நகரில் மாநில மாநாட்டைக் கூட்டி, 68 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்பு மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் ஏறத்தாழ 6.7 விழுக்காட்டினர் மட்டுமே வாக்காளர்களாகப் பதிவு பெற்றிருந்தார்கள். ஹேமர் 1962 ஆகஸ்ட் 31 அன்று மேலும் 17 பேரோடு ஒரு பேருந்தில் 26 மைல் பயணம் செய்து இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் பதிவு செய்யச் சென்றார். அங்கே மாநில அரசமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். திரும்பும் வழியில் பேருந்தின் நிறம் சரியில்லை என்று குற்றம் சாட்டி ஓட்டுநரைப் பிடித்தார்கள். 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றிரவே அவர் வெளியேற்றப்பட்டார். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு கவுண்டியில், அவர்களை இப்படி விலக்கி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவைத்தான் உங்கள் பட்டியல் முறையான குழு என்கிறது.

ஏட்டுப்பிள்ளை:
நீங்கள் சொல்வது அநீதியை மெய்ப்பிக்கிறது. அவருடைய பேராளர் தகுதியை மெய்ப்பிக்கவில்லை. மாநாட்டின் தகுதியாய்வுக் குழு ஆகஸ்ட் 22 அன்று அவருடைய சாட்சியத்தைக் கேட்டது. வினோனா சிறையில் தாம் அடிபட்டதை அவர் அங்கே சொன்னதைப் படித்தபோது நானும் கலங்கினேன். ஆயினும் குழு இறுதியில் முன்வைத்த சமரசம் இரண்டே இடங்கள்: கிளார்க்ஸ்டேலைச் சேர்ந்த ஏரன் ஹென்றிக்கு ஒன்று, டூகலூ கல்லூரியின் மதகுரு எட் கிங்குக்கு ஒன்று. அவையும் மிசிசிப்பியின் பெயரில் அல்ல, பொது இடங்களாகத்தான் வழங்கப்பட்டன. சுதந்திரக் கட்சியினர் அதை மறுத்தார்கள். ஒருவேளை ஏற்றிருந்தாலும் சன்ஃபிளவர் கவுண்டியிலிருந்து எவருக்கும் இடம் இருந்திருக்காது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மலர்விழி:
இருவரும் ஒரு காட்சியைத் தொடாமல் செல்கிறீர்கள். 1964இல் மாநிலக் கட்சி அனுப்பிய பழைய மிசிசிப்பிக் குழுவினரில் பெரும்பாலோர் கட்சி வேட்பாளரை ஆதரிப்பதாக உறுதியளிக்க மறுத்து வெளியேறிவிட்டார்கள். பிற மாநிலப் பேராளர்கள் தந்த அனுமதிச் சீட்டுகளோடு சுதந்திரக் கட்சியினர் உள்ளே வந்து அந்தக் காலி நாற்காலிகளில் அமர்ந்தார்கள். மறுநாள் வந்து பார்த்தபோது நாற்காலிகள் அகற்றப்பட்டிருந்தன. அந்த வெற்றிடத்தில் அவர்கள் நின்றுகொண்டே பாடினார்கள். ஏட்டுப்பிள்ளை ஐயா, இருக்கைதான் அளவுகோல் என்றால், அதைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவர்களின் கையில் அளவுகோலைக் கொடுத்துவிடுகிறோம்.

1948ஐயும் எண்ணிப் பாருங்கள். பிலடெல்பியா மாநாட்டில் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைகளை ஆதரிக்கும் தீர்மானம் நிறைவேறியதும் மிசிசிப்பிக் குழு முழுவதும் எழுந்து வெளியேறியது. பிறகு மாநிலக் கட்சி, இனப்பிரிவினையை ஆதரித்துக் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தனியே போட்டியிட்ட ஸ்ட்ராம் தர்மண்டை ஆதரித்தது. இதே சன்ஃபிளவர் கவுண்டியின் டாட்ஸ்வில்லில் பெருந்தோட்டம் வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டும் அவர் பக்கமே நின்றார். அப்படி எழுந்து போனவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீங்கள் அடிக்கப்போவதில்லை. தாமாக இருக்கையை விட்டவர் பேராளராக நீடிக்கையில், இருக்கைக்காக வந்து நின்றவர் மட்டும் எப்படி இல்லாதவராவார்?

ஏட்டுப்பிள்ளை:
அம்மா, 1948 பற்றிய கேள்விக்கு என்னிடம் நேரான மறுமொழி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1964க்கும் 1968க்கும் இடையிலான வேறுபாட்டை அழித்துவிட்டால் அவர்கள் வென்றது எதுவென்றே தெரியாமல் போகும். மாநிலக் கட்சிகள் இனப்பாகுபாடின்றி எல்லாருக்கும் இடமளிக்க வேண்டும் என்ற நிபந்தனை 1964இல்தான் அடுத்த மாநாட்டுக்காக விதிக்கப்பட்டது. அதன் பயனாகவே 1968இல் பழைய குழு ஒதுக்கப்பட்டது, ஹேமர் தம் இருக்கைக்கு வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

வைகைக்கரை:
அந்த வேறுபாடு எனக்கும் வேண்டும். ஆகையால் ஆண்டுக்கு எதிரே ஒரு கட்டத்துக்குப் பதிலாக இரண்டு கட்டங்கள் வையுங்கள்: ஒன்றில் மக்கள் கூட்டம் தேர்ந்தெடுத்தவர், மற்றதில் மாநாடு ஏற்றவர். 1964க்கு முதல் கட்டத்தில் ஹேமரின் பெயர் இருக்கட்டும், இரண்டாவது வெறுமையாக இருக்கட்டும். 1968இல் இரண்டிலும் அவர் பெயரை எழுதுங்கள்.

ஏட்டுப்பிள்ளை:
அப்படியானால் அதற்கு முந்தைய ஆண்டுகள் எல்லாவற்றிலும் முதல் கட்டத்தை நிரப்ப நான் யோசிக்க வேண்டியிருக்கும். 1948இலிருந்து தொடங்குகிறேன்.