செகாவ் ஏன் சகலின் தீவுக்குப் போனார்?

கேள்வி:
வணக்கம். ஒரு மாதமாக ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கதைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நாய்க்காரச் சீமாட்டி, ஆறாவது வார்டு, இன்னும் சில. அவர் வாழ்க்கையைப் பற்றித் தேடியபோது ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. 1888-இல் புஷ்கின் பரிசு வாங்கிவிட்டார், பத்திரிகைகள் கதை கேட்டு நிற்கின்றன, 1884-லேயே இருமலில் ரத்தம் வந்திருக்கிறது, அவரே டாக்டர் வேறு. அப்படிப்பட்டவர் 1890-இல், முப்பது வயதில், சைபீரியாவைத் தாண்டி, நாடுகடத்தப்பட்ட கைதிகள் இருந்த சகலின் தீவுக்குப் போகிறார். யாரும் அனுப்பவில்லை, தானே கிளம்புகிறார். ஏன்? கதைக்குச் சரக்குத் தேடியா? அந்தப் பயணம் அவர் கதைகளில் எங்காவது தெரிகிறதா?

பதில் 1:
கதைச் சரக்குக்காக இல்லை என்றுதான் நினைக்கிறேன். சகலினில் யாருக்கும் அக்கறை இல்லை என்று பதிப்பாளர் சுவோரின் சொன்னதற்கு, செகாவ் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். லட்சக்கணக்கான மனிதர்களைச் சிறையில் அழுக விட்டிருக்கிறோம், அதற்குக் காவலர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நாம் எல்லாருமே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். மருத்துவத்துக்குத் தான் பட்ட கடனைக் கொஞ்சமாவது அடைக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். இதற்கு முந்தைய வருடம்தான் அண்ணன் நிகொலாய் காசநோயில் இறந்திருந்தார், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்போது சைபீரியாவைக் கடக்க ரயில் கிடையாது. சேற்றிலும் ஆற்று வெள்ளத்திலும் குதிரை வண்டி, அப்புறம் அமூர் ஆற்றில் நீராவிப் படகு. ஏப்ரலில் மாஸ்கோவிலிருந்து கிளம்பியவர் தீவில் இறங்கும்போது ஜூலை ஆகிவிட்டது. அங்கே மூன்று மாதம். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து குடிசை குடிசையாகப் போய், பேர், வயது, மதம், பிறந்த ஊர், வந்த வருடம், படிக்கத் தெரியுமா, கல்யாணம் ஆனதா, என்ன நோய் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதினார். ஏறக்குறைய பத்தாயிரம் அட்டைகள்! அரசியல் கைதிகளோடு மட்டும் பேசக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள்.

பதில் 2:
நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்தவள், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்திருக்கிறேன். அந்த அட்டைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கையில் அட்டை இருந்தால்தான் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நிற்க ஒரு காரணம் கிடைக்கும். "எத்தனை பிள்ளைகள்" என்று கேட்டால் பதில் எண்ணிக்கையோடு நிற்காது, செத்துப்போன பிள்ளையின் கதையும் சேர்ந்து வரும். இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே செகாவ் சொல்கிறார், கணக்கின் முடிவை விட, கணக்கெடுக்கும்போது மனதில் பதிந்தவைதான் தனக்கு முக்கியம் என்று. அவர் கதைகளில் யாரையும் தீர்ப்புச் சொல்லி ஒதுக்காமல் இருப்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கசையடி ஒன்றையும் நேரில் பார்த்தார், தொண்ணூறு அடி. நடுவில் தாங்காமல் வெளியே போய்விடுகிறார். அதன்பின் மூன்று நான்கு இரவுகள் அடித்தவனும் கைதியைக் கட்டிவைத்த அந்தப் பெஞ்சும் கனவில் வந்ததாகக் கடிதத்தில் இருக்கிறது.

பதில் 3:
நான் கொழும்பில் இருக்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திரும்பும்போது அவர் கடல் வழியாக ஹாங்காங், சிங்கப்பூர், பிறகு இலங்கை என்று வந்தார். கண்டிக்கு ரயிலில் போனார், இங்கிருந்து கீரிப்பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போனார். இலங்கையைச் சொர்க்கம் என்றும் சகலினை நரகம் என்றும் எழுதினார். ஆனால் 'குஸேவ்' கதையின் அடியில் அவர் போட்ட ஊர்ப்பெயர் கொழும்பு! சிங்கப்பூர் வரும் வழியில் இறந்த இரண்டு பேரைக் கித்தானில் சுற்றிக் கடலில் போட்டதைப் பார்த்திருந்தார். அதிலிருந்து வந்த கதை. நோயாளிச் சிப்பாய் ஒருவன் கப்பலிலேயே செத்துப்போகிறான், உடல் ஆழத்துக்கு இறங்குகிறது, சுறா வருகிறது, மேலே வானம் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் முடிவு.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் ஆறாவது வார்டு சகலினுக்குப் பிறகு எழுதியதா?

பதில் 1:
ஆமாம், 1892-இல் வந்தது. துன்பம் என்பது மனதின் நினைப்புதான் என்று தத்துவம் பேசிக்கொண்டே தன் ஆஸ்பத்திரியின் அழுக்கைக் கண்டுகொள்ளாத டாக்டர் ராகின், கடைசியில் அதே வார்டில் அடைபட்டு, காவலாளி நிகீதாவிடம் அடி வாங்குகிறார் அல்லவா? அந்த அடி விழும் நிமிடத்தில்தான், உள்ளே இருந்தவர்கள் வருடக்கணக்கில் இதைத்தானே அனுபவித்தார்கள் என்று அவருக்கு உறைக்கிறது. சகலினைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தை அவர் எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே 1892-இல் காலரா பயம் வந்தபோது, மாஸ்கோவுக்குத் தெற்கே தான் குடியிருந்த மெலிஹோவோவில் இருபத்தைந்து கிராமங்களையும் நான்கு தொழிற்சாலைகளையும் ஒரு மடத்தையும் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டார். ராகின் செய்யாத வேலை அது.

பதில் 2:
சகலின் புத்தகம் கதை மாதிரி ஓடாது, புள்ளிவிவரம் நிறைய இருக்கும். முதலில் குஸேவ் படியுங்கள், சின்னக் கதைதான். புத்தகத்தைப் பிறகு எடுங்கள்.