பரோலோவை எப்போ திறக்கிறது?

அருண்: மாமா, ஞாயிறு ராத்திரிக்கு 2019 பரோலோ ஒண்ணு இருக்கு, இத்தாலி சிவப்பு ஒயின். சாயங்காலமே கார்க்கை எடுத்து வச்சாப் போதுமா?

செந்தில் மாமா: போதாதுப்பா. பாட்டில் கழுத்து வழியா காத்து எவ்வளவு போகும்? அகலமான கண்ணாடிக் கூஜாவுல ஊத்தி வை. ரெண்டுலேர்ந்து மூணு மணி நேரம்.

செந்தில் மாமா: 20 வருஷம் தாண்டின பாட்டில்னா இதைச் செய்யாதே. முந்தின நாளே நிமிர்த்தி வச்சு, அடிமண்டி கலங்காம ஊத்தி, அப்பவே குடிச்சிடணும். காத்துல விட்டா வாசனை போயிடும்.

தீபா: நிறம் வெளிறி இருக்கே, இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்னு கேட்பாங்க.

செந்தில் மாமா: நெப்பியோலோ திராட்சையில நிறம் கம்மி, துவர்ப்பும் புளிப்பும் ரொம்ப ஜாஸ்தி. நிறத்தை வச்சு எடை போடவே கூடாது. பரோலோன்னு பேர் போட முழுக்க இந்தத் திராட்சைதான் இருக்கணும். அறுவடை வருஷம் நவம்பர் 1-லேர்ந்து 38 மாசம் ஊறணும், அதுல 18 மாசம் மரப்பீப்பாயில. இன்னும் அதிக நாள் ஊறின ரிசர்வா வகைன்னா 62 மாசம். துவர்ப்பு அடங்கத்தான் இவ்வளவும்.

அருண்: லேபிள்ல செர்ராலுங்கா த'ஆல்பான்னு ஊர்ப் பேர் இருக்கு மாமா.

செந்தில் மாமா: அப்போ முழுசா மூணு மணி நேரம் விடு. வடக்கு இத்தாலி பியமோன்ட்ல லாங்கே குன்றுகள்ல 11 ஊருக்குத்தான் பரோலோ உரிமை. லா மோர்ரா பக்கம் ஒயின் மென்மையா வரும், சீக்கிரம் பக்குவமாகும். செர்ராலுங்கா மண்ணு பழசு, மணற்கல் சேர்ந்தது. அங்கே ஒயின் இறுக்கமா இருக்கும். 16–18 டிகிரியில ஊத்து. 20 தாண்டினா ஆல்கஹால் நெடி முன்னாடி வரும், ரொம்பக் குளிர்ந்தா துவர்ப்பு மட்டும் நாக்குல நிக்கும்.

ராஜி அத்தை: சாப்பாட்டைப் பத்தி யாரும் பேசலையே! பிராசாத்தோ பண்ணு அருண், ஒயின்ல மெதுவா வேக வைக்கிற மாட்டுக்கறி. மாட்டுத் தோள்கறி ஒன்றரை கிலோ, வெட்டாம ஒரே துண்டு. கேரட், வெங்காயம், செலரி, பிரிஞ்சி இலை, ரெண்டே கிராம்பு, 750 மில்லி ஒயின் சேர்த்து 12 மணி நேரம் ஊறட்டும். அப்புறம் ஈரம் போகத் துடைச்சு, நாலு பக்கமும் சிவக்க வறு. துடைக்கலேன்னா கறி வறுபடாது, வெந்துதான் போகும். ஊறின ஒயினை ஊத்தி மூடி, மூணு மணி நேரம் சின்னத் தீயில. கொதிக்க விட்டா நார் நாராப் போயிடும்.

அருண்: அதுக்கும் பரோலோவேவா அத்தை?

ராஜி அத்தை: வேண்டாம்டா. லாங்கே நெப்பியோலோ போதும், அதே திராட்சைதான், விலை கம்மி. பரோலோவை கிளாஸுக்கு வை.

தீபா: எனக்குச் சாஸ் கசந்துடுது அத்தை.

ராஜி அத்தை: கறியை எடுத்துட்டுச் சாறை மட்டும் ரொம்பச் சுண்ட வைக்கிறியா? துவர்ப்பு திரண்டு கசக்கும். வெந்த காய்களை அதுலயே அரைச்சு விடு, தானாக் கெட்டியாகும். கடைசியா ஒரு ஸ்பூன் வெண்ணெய். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளிப்பு பட்டா உலோக வாடை வரும்.

அருண்: முதல்ல பாஸ்தா வைக்கலாமா?

ராஜி அத்தை: தயாரின். முட்டை மஞ்சள் கரு நிறையப் போட்ட மெல்லிசு நூடுல், மேலே வெண்ணெய். ஆல்பா வெள்ளை ட்ரஃபிள்னு மண்ணுக்கடியில வளர்ற வாசனைக் காளான் கிடைச்சா சீவிப் போடு, அதைச் சமைக்காதே. சீஸ்னா காஸ்தெல்மாஞ்யோ.

செந்தில் மாமா: கொழுப்பும் புரதமும் இருந்தாத்தான் துவர்ப்பு அதைப் பிடிச்சுக்கும், இல்லேன்னா நம்ம எச்சில்ல இருக்கிற புரதத்தைப் பிடிச்சு வாயை வறட்டும். மீன் வேண்டாம், காரம் கண்டிப்பா வேண்டாம். ஆல்கஹாலும் மிளகாயும் சேர்ந்தா எரிச்சல் ரெட்டிப்பாகும்.

தீபா: மிஞ்சினா?

செந்தில் மாமா: பாட்டில்லயே திருப்பி ஊத்தி, கார்க்கால மூடி ஃப்ரிட்ஜ்ல வை. 2019 மறுநாளும் நல்லாத்தான் இருக்கும். குடிக்க அரை மணி முன்னாடி வெளியே எடு.