வெண்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மயக்க மருந்தைத் தினமும் நிறுத்திப் பார்க்க மாட்டார்களா?

இரவு டியூட்டி:
வணக்கம். பெரியவர்கள் ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு இப்போது குழந்தைகள் ஐசியூவுக்கு மாறி வந்திருக்கிறேன். அங்கே காலையில் மயக்க மருந்து பம்பை நிறுத்தி, நோயாளி கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்த பிறகுதான் ரவுண்ட்ஸே ஆரம்பிக்கும். இங்கே அதைப் பற்றிக் கேட்டால் 'பிள்ளைங்களுக்கு அதெல்லாம் கிடையாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், காரணம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. என் பொறுப்பில் இருப்பது நிமோனியாவோடு வந்த ஒன்றரை வயதுக் குழந்தை, மயக்கத்துக்கு மிடசோலமும் வலிக்கு ஃபென்டனிலும் ஓடுகிறது. குறைத்தால் டியூபைப் பிடுங்கப் பார்க்கிறது, ஏற்றினால் துவண்டு கிடக்கிறது. இரண்டையும் பார்க்க மனசு கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை டாக்டர்:
சிஸ்டர், அந்த ஒரே வரிக்குப் பின்னால் காரணம் இருக்கிறது, அதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்களிடம் அந்தப் பழக்கம் பரவியது சிகாகோவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகுதான். 128 பேர். தினமும் மருந்தை நிறுத்திப் பார்த்த குழுவில் பாதிப் பேருக்கு 4.9 நாளுக்குள் வெண்டிலேட்டர் தேவைப்படாமல் போனது, மற்ற குழுவில் அதற்கு 7.3 நாள் ஆனது. அதையே குழந்தைகளிடம் நெதர்லாந்தில் செய்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் புரோட்டோகால்படி, அதாவது எழுதி வைத்த விதிமுறைப்படி, மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள், ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாகத் தினமும் நிறுத்தினார்கள். போதிய பிள்ளைகள் சேராததால் 129 பேரோடு ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். நிறுத்தியதால் எந்தப் பலனும் இல்லை. 30 நாளுக்குள் அந்தக் குழுவில் 66 பேரில் 6 பேர் இறந்தார்கள், மற்றதில் 63 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. மருந்தை நிறுத்தியதுதான் காரணம் என்று காட்ட முடியவில்லை, ஆனால் பலனும் இல்லாமல் இப்படியொரு கணக்கும் வந்தபிறகு யாருக்குத் துணிச்சல் வரும்? 2022-இல் வந்த அமெரிக்க கிரிட்டிகல் கேர் சங்கத்தின் வழிகாட்டுதலும் புரோட்டோகால் போதும், அதோடு தினமும் நிறுத்துவதைச் சேர்க்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறது.

அப்புறம், ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் 'டியூபைத் தொடாதே கண்ணு' என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. மூச்சுக்குழாய் அவ்வளவு குட்டை, தலையைத் திருப்பினாலே டியூப் இடம் மாறும். அதற்காக அசைவில்லாமல் போட்டு வைப்பது சரி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 31 குழந்தைகள் ஐசியூக்களில் 2,449 பேரை வைத்து நடந்த ரெஸ்டோர் ஆய்வில் (2015) நர்ஸுகள் கையில் புரோட்டோகாலைக் கொடுத்தார்கள். வெண்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை என்பது உண்மை, ஆனால் அந்தப் பிள்ளைகள் விழித்து அமைதியாக இருந்த நாட்கள் அதிகம், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் ஓடிய நாட்கள் குறைவு. வலியும் பதற்றமும் இருந்த நாட்கள் கூடின, அதையும் மறைக்கக் கூடாது.

எழும்பூர் அக்கா:
தம்பியோ தங்கையோ தெரியவில்லை, நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை திமிறினால் கை முதலில் பம்புக்குப் போகக் கூடாது. டியூபில் சளி அடைத்திருக்கிறதா, ஆக்சிஜன் இறங்குகிறதா, வெண்டிலேட்டர் செட்டிங் பிள்ளையின் மூச்சோடு ஒத்துப்போகிறதா, ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறதா, டயப்பர் நனைந்திருக்கிறதா, இதையெல்லாம் பாருங்கள். வலி இருக்கும்போது மிடசோலத்தை ஏற்றினால் பிள்ளை அடங்கும், வலி அப்படியே இருக்கும், அதைச் சொல்லத் தெரியாது பாவம், நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

உங்கள் யூனிட்டில் கம்ஃபர்ட்-பி, அதாவது மயக்கம் எவ்வளவு என்று பார்க்கும் மதிப்பெண், போடுகிறீர்களா? இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்து ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 6 முதல் 30 வரை. 10-உம் அதற்குக் கீழும் என்றால் மயக்கம் அதிகம், 23-உம் அதற்கு மேலும் என்றால் போதவில்லை. நடுவில் இருந்தால் உங்கள் கண்ணையும் அறிவையும் வைத்து முடிவெடுக்க வேண்டும். 'துவண்டு கிடக்கிறது' என்று ரவுண்ட்ஸில் சொன்னால் சாருக்கு அது ஒரு அபிப்பிராயம், 'ராத்திரி முழுக்க 8, 9 தான் சார்' என்றால் அவர் மருந்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ராத்திரி விளக்கைக் குறையுங்கள், அம்மாவை உள்ளே விடுங்கள், பேசச் சொல்லுங்கள்.

நிலாவின் அம்மா:
நான் நர்ஸ் இல்லை, இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் மகள் மூன்று வயதில் வெண்டிலேட்டரில் இருந்தாள். டியூப் எடுத்தபிறகு என்னைப் பார்த்து அலறினாள், அடையாளமே தெரியவில்லை, சுவரில் எதையோ பார்த்துப் பயந்தாள். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று நானும் என் கணவரும் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்தோம். கேட்டபிறகுதான் அதற்கு டெலிரியம் என்று பெயர், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். சில நாட்களில் சரியானது. ஆனால் இப்படி வரலாம் என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாமே. தயவுசெய்து நீங்கள் பார்க்கும் அம்மாக்களிடம் சொல்லிவையுங்கள்.

இரவு டியூட்டி:
சொல்கிறேன் அம்மா, கண்டிப்பாக. அக்கா, இங்கே மதிப்பெண் போடும் பழக்கம் இல்லை, இன்றே ஆரம்பிக்கிறேன். சார், இந்தக் குழந்தைக்கு ஒரு வாரமாக இந்த மருந்துகள் ஓடுகின்றன. டியூப் எடுத்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

கோவை டாக்டர்:
வேண்டாம். ஐந்து நாளுக்கு மேல் ஓடியிருந்தால் உடம்பு பழகியிருக்கும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ஓயாத கொட்டாவியும் தும்மலும் வரும். இதற்கு வாட்-1 என்ற அளவுகோல் இருக்கிறது, 3-உம் அதற்கு மேலும் வந்தால் மருந்து விலகல் என்று சந்தேகப்பட வேண்டும். காய்ச்சலை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக்கை மாற்றிவிடுவதும் உண்டு, எல்லாம் மருந்து விலகல்தான் என்று நிஜமான தொற்றை விட்டுவிடுவதும் உண்டு, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அம்மா சொன்ன டெலிரியத்துக்கும் மிடசோலத்துக்கும் தொடர்பு இருப்பதால்தான் இப்போது டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற வேறொரு மயக்க மருந்தின் பக்கம் போகிறோம். அதில் இதயத் துடிப்பு குறையும், மானிட்டரில் கண் இருக்க வேண்டும். மருந்தை மாற்றுவது உங்கள் டாக்டரின் முடிவு, ஆனால் நீங்கள் கேட்கலாம். டியூட்டி மாறும்போது கம்ஃபர்ட்-பி, வாட்-1 இரண்டு எண்ணையும் அடுத்த சிஸ்டரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள்.