படிவம் 4 பிள்ளைகளுக்கு முதல் பைத்தான் பயிற்சி: பாடத்திலிருந்தா, விளையாட்டிலிருந்தா?

பட்டர்வொர்த்_டீச்சர்
பள்ளி விடுமுறையில் படிவம் 4 (16 வயது) பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியில் வகுப்பு எடுக்கப் போகிறேன். எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, கால்குலேட்டர் என்று வழக்கமாகத் தரும் பயிற்சிகளை விட்டுவிட்டு, அவர்கள் படிக்கும் பாடங்களிலிருந்தே தரலாம் என்று நினைக்கிறேன். இயற்பியலில் கீழே விழும் பந்து, தமிழில் எழுத்து எண்ணுவது, கணக்கியலில் வட்டி. என்ன சொல்கிறீர்கள்?

செந்தூல்_நிரலாளர்
வேண்டாம் டீச்சர். லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) இன்னும் பிடிபடாத பிள்ளையின் தலையில் இயற்பியலையும் சேர்த்து ஏற்றுகிறீர்கள். விடை தப்பாக வந்தால் சூத்திரம் தப்பா, கோட் (எழுதிய நிரல்) தப்பா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? விளையாட்டில் அந்தக் குழப்பமே இல்லை. புதியவர்களுக்கு வேலை பழக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆரம்பத்தில் ஒரு சுமை போதும்.

பட்டர்வொர்த்_டீச்சர்
தம்பி, விடை தப்பாக வரும் இடத்தில்தான் படிப்பே இருக்கிறது. போன வகுப்பில் ஒரு பையன் பந்து 2 வினாடியில் எவ்வளவு தூரம் விழும் என்று லூப் போட்டுக் கூட்டினான். 18.62 மீட்டர் வந்தது. சூத்திரத்தில் போட்டால் 19.6. கோடில் எரர் எதுவும் இல்லை. ஒவ்வொரு 0.1 வினாடிக்கும் அதன் தொடக்கத்தில் இருந்த வேகத்தையே வைத்துக் கணக்கிட்டிருந்தான், ஆனால் பந்தின் வேகம் அதற்குள்ளேயே கூடிவிடுகிறது. 0.1ஐ 0.01 ஆக்கச் சொன்னேன், 19.502 வந்தது. இன்னும் சின்னதாக்கலாமா என்று அவனே கேட்டான். எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் இந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

செந்தூல்_நிரலாளர்
அந்தப் பையனுக்கு லூப் ஏற்கெனவே தெரியும். நான் கவலைப்படுவது அதற்கு முந்தைய படியில் நிற்கிற பிள்ளையைப் பற்றி. எழுத்து எண்ணுவதையே பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. கணினி எழுத்துகளைப் பதிந்துவைக்கும் யூனிகோட் முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக நிற்கின்றன. முதல் நாளே இதை விளக்குவீர்களா?

விளையாட்டு வேண்டாம் என்றால் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணைக் கொடுங்கள். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14), கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண். சூத்திரமே வேண்டாம், இலக்கங்களை வெட்டி எடுத்து இஃப் ('இப்படி என்றால் இதைச் செய்' என்ற கட்டளை) போட்டால் போதும். நிஜ எண்ணைக் கொடுக்காதீர்கள், நீங்களே ஒன்றைக் கற்பனையாக எழுதுங்கள்.

கெப்போங்_அம்மா
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகள் கணக்கியல் எடுத்தவள், இயற்பியல் கிடையாது. இணையத்தில் அவள் பார்த்த பயிற்சிகள் பந்து, ராக்கெட் என்றே இருந்ததால் இது தனக்கில்லை என்று ஒதுங்கிவிட்டாள். அப்புறம் அவள் மாமா ஒரு கணக்குக் கொடுத்தார்: ஆண்டுக்கு 4 விழுக்காடு கூட்டு வட்டி என்றால் 1,000 ரிங்கிட் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும்? எத்தனை சுற்று என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் பணம் இரட்டிப்பாகும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் வைல் லூப் தேவைப்பட்டது. 18 என்று வந்ததும் வட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள். டீச்சர், எந்தப் பாடம் எடுத்த பிள்ளைக்கும் ஒன்றாவது வையுங்கள்.

பட்டர்வொர்த்_டீச்சர்
கண்டிப்பாக வைக்கிறேன்மா. தம்பி, ஐசி கணக்கு முதல் நாளுக்கு நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எழுத்து எண்ணுவதை விடமாட்டேன், இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். என் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள். 'தமிழ்' மூன்று எழுத்து என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. கணினி 5 என்றால், குறிகளையும் புள்ளியையும் எண்ணாதே என்று அதற்கு விதி எழுதட்டும்.

செந்தூல்_நிரலாளர்
இரண்டாம் வாரம் என்றால் சரி. இயற்பியலை மட்டும் லூப் நன்றாகக் கைவந்த பிறகு கொடுங்கள், அதில் நான் இன்னும் மாறவில்லை. ஐசியில் பிறந்த ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 08 என்றால் 1908ஆ, 2008ஆ? அதைப் பிள்ளைகளே கேட்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.