மொட்டைக் கடிதம்: கையெழுத்துப் பார்க்கிற ஆள் ஆரும் தெரியுமோ?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உவர்மலைப் பக்கம் எங்கட சனசமூக நிலையத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கு. பொருளாளர் காசு எடுத்திட்டாராம். கணக்குப் புத்தகம் சரியாத்தான் இருக்கு, ஆனா ஊர் வாய் சும்மா இருக்குமோ?

நிர்வாகத்தில சிலர், ஆக்கள் வந்ததுக்குக் கையொப்பம் வைக்கிற வரவுப் புத்தகத்தை விரிச்சு வைச்சு, "இந்த ழகர வால் இன்னாருடையதுதான்" எண்டு தீர்ப்பே சொல்லத் தொடங்கிட்டினம். எனக்கு அது சரியாப் படேல்ல. ஒரே வாத்தியாரிட்ட எழுதப் பழகின ஆக்களுக்கு அந்த வால் ஒரே மாதிரித்தான் வளையும். பேனை எங்க அழுத்துது, எங்க தூக்குது, கொம்புக்கும் எழுத்துக்கும் எவ்வளவு இடைவெளி, குற்று எங்க விழுது எண்டெல்லாம் சேர்த்துப் பார்க்கவேணும். ஒற்றுமை மட்டுமில்லை, வேற்றுமையும் முக்கியம். வரவுப் புத்தகத்தில கிடக்கிறது வெறும் கையொப்பம், அதிலயும் பாதி ஆங்கிலம். அதோட தமிழ்க் கடிதத்தை என்னெண்டு ஒப்பிடுறது?

(கடிதத்தை லாமினேட் பண்ண ஒருத்தர் வெளிக்கிட்டார். நல்லகாலம், பறிச்சு உறையில போட்டு வைச்சிட்டன்.)

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ர 45ஆம் பிரிவு கையெழுத்து நிபுணரின்ர கருத்தை ஏற்குது, தெரியும். கோட்டுக்குப் போற எண்ணம் இப்போதைக்கு இல்லை.

தமிழ் எழுத்துப் பார்க்கத் தெரிந்த ஆவணப் பரிசோதகர் கொழும்பிலயோ யாழ்ப்பாணத்திலயோ தனியாராச் செய்யினமோ? செலவு என்ன வரும்? பழைய கூட்டக் குறிப்புகள் மாதிரிக்குக் காணுமோ, இல்லை ஆக்களைக் கொண்டு புதுசா எழுதுவிக்கவேணுமோ? அனுபவம் உள்ள சட்டத்தரணிமார் சொல்லுங்கோ.

கடிதத்தின்ர படம் இங்க போடமாட்டன். உள்பெட்டியிலயும் கேக்கவேண்டாம்.