பழம் போட்டு பேக் பண்ணின ஓட்ஸ்: கொழும்பு வீட்டுக் காலைச் சாப்பாட்டுக்குச் சரிவருமா?

ஏழாம்மாடி
ஆறரைக்கே ஸ்கூல் வான் வந்து ஹோன் அடிக்கிற வெள்ளவத்தை வீடுகளுக்காக இதைப் போடுறன். ராத்திரியே ஓட்ஸைப் பாலும் பழமும் சேர்த்து ட்ரேயில பேக் பண்ணி வைச்சா, விடிய வெட்டிச் சூடாக்கிக் குடுக்கிறது மட்டும்தான் வேலை. வேலைநாளுக்குப் புட்டு, இடியப்பம், கடைப் பாண் எல்லாத்தையும் விட இதுதான் தோது எண்டு சொல்லுவன்.

ரோல்ட் ஓட்ஸ் ரெண்டு கோப்பை, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி. இதுகளை ஒண்டாக் கலவுங்கோ. வேற பாத்திரத்தில ரெண்டு கோப்பை பால் (பால்மா கரைச்சதும் சரி), ஒரு முட்டை, நல்லாப் பழுத்த வாழைப்பழம் ரெண்டு மசிச்சது, கித்துள் பாணி ரெண்டு மேசைக்கரண்டி, உருக்கின பட்டர் கொஞ்சம். ரெண்டையும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஊற விட்டு, 180 பாகையில 35 - 40 நிமிஷம். ட்ரேயை அசைச்சா நடு தளும்பக் கூடாது. ஆறு துண்டு வரும்.

புட்டுப்பானை
தங்கச்சி, பால், முட்டை, கித்துள் இனிப்பு போட்டு அவிச்சா அதுக்குப் பேர் வட்டிலப்பம், சாப்பாட்டுக்குப் பிறகு தின்னுற இனிப்பு. ஓட்ஸைப் போட்டுச் சுட்டவுடன காலைச் சாப்பாடாகிடுமோ? குரக்கன் (கேழ்வரகு) புட்டுக்கு என்ன குறை? நூறு கிராம் குரக்கனில கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல, ஓட்ஸில 50 சொச்சம். குரக்கன் எங்கட மண்ணில விளையுது. ஓட்ஸ் கப்பலில வரவேணும். 2022இல டொலர் இல்லாம பால்மாவுக்கே கியூவில நிண்ட சனம் நாங்கள், அதுக்குள்ள மறந்து போச்சோ?

ஏழாம்மாடி
குரக்கனில குறை இல்லை அண்ணை. விடிய ஐஞ்சு மணிக்கு அந்த மாவைக் குழைக்கிறது ஆர் எண்டதுதான் கேள்வி. புட்டு தனியாவே தட்டுக்கு வருது? தேங்காய் துருவவேணும், சம்பல் இடிக்கவேணும், இல்லாட்டிச் சொதி வைக்கவேணும். பானையைக் கழுவிக் கவிழ்த்துப்போட்டு நான் ஒபிசுக்கு வெளிக்கிடவேணும். நீங்கள் எழும்பிச் செய்யிறதெண்டா நாளைக்கே புட்டு, எனக்கு ஆட்சேபம் இல்லை.

புரதத்தில நூறு கிராம் ஓட்ஸ் 13 கிராம் அளவில, குரக்கன் 7 அளவில. ஒவ்வொண்டிலயும் ஒவ்வொண்டு கூட.

கொட்டாஞ்சேனைக்காரன்
சமையலை விடுங்க, கரண்ட் பில்லைப் பத்தி ஒருத்தரும் பேசல்லையே. சின்ன ஓவனே 1500 வொட் இழுக்கும். சூடாகிற நேரமும் சேர்த்தா ஒரு ட்ரேக்கு ஒரு யூனிட் கிட்ட. கிழமைக்கு ரெண்டு தரம் எண்டா மாசம் எட்டு. ஏசி ஓடுற ஃப்ளட்டுக்கு அது ஒண்டும் இல்ல. ஆனா நம்ம தோட்டத்து வீடுகள், அதான் கொழும்புல ஒட்டி ஒட்டிக் கட்டின சின்ன வீடுகள், மாசம் 60 யூனிட்டுக்குள்ள நிக்கத்தான் பாடுபடுது. அதைத் தாண்டினா கடைசி யூனிட்டுக்கு மட்டும் இல்ல, முதல் யூனிட்டிலயிருந்தே வேற ரேட். அந்த எட்டு யூனிட் எங்க கொண்டுபோய் விடும் எண்டு யோசிங்க. அதுக்கு மேல ஓட்ஸ், பட்டர், முட்டை விலை. பாணும் பருப்பும் திங்கிற வீட்டுக்கு இது ஆகாது.

கறுவா_வாசம்
வீட்டில பேக் பண்ணிக் குடுக்கிற ஆள் நான். கொட்டாஞ்சேனைக்காரன் சொல்லுறது சரி, ஆனா இதுக்கு ஓவன் இருந்தேயாகவேணும் எண்டில்லை. அதே கலவையைச் சில்வர் பாத்திரத்தில ஊத்தி, தண்ணி சொட்டாம மூடிக் கட்டி, வட்டிலப்பம் அவிக்கிற மாதிரி அரை மணித்தியாலத்துக்கு மேல ஆவியில வைச்சா இறுகி வரும். மேல் மொறுமொறுப்பு வராது. வேணுமெண்டா துண்டைத் தோசைக்கல்லில ஒருக்காப் பிரட்டி எடுங்கோ.

மற்றது பழம். வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில இதுக்குக் காட்டுற புளூபெரிக்கு இங்க கேக்கிற காசுக்கு ரெண்டு சீப்பு வாழைப்பழம் வரும். அதை விடுங்கோ. வாழைப்பழத்தில கோலிக்குட்டு இனிப்பு, ஆனா விலை. கறுத்துப்போன அம்புல் பழம்தான் என்ர தெரிவு. அந்தச் சின்னப் புளிப்பு ஓட்ஸின்ர மந்தத்தை வெட்டும். மாம்பழம் எண்டா துண்டாக்கி மேல அடுக்குங்கோ. கலவைக்குள்ள விட்டா தண்ணி விடும், நடு வேக நேரம் எடுக்கும்.

கனபேர் சறுக்கிறது அன்னாசியிலயும் பப்பாசியிலயும். விடிய பேக் பண்ணுவம் எண்டு சூடு காட்டாத அன்னாசியைப் பாலோட கலந்து ராத்திரி முழுக்க பிரிட்ஜில வைச்சா, காலமை அது கைச்சுப்போய் இருக்கும். அன்னாசியில இருக்கிற புரோமலெயின் எண்ட நொதியம் பாலில இருக்கிற புரதத்தை வெட்டுறதாலதான் அந்தக் கைப்பு. பப்பாசியில பப்பெயின், அதே வேலை. சூடு பட்டா ரெண்டும் அடங்கும். அதால அன்னாசியைச் சின்னனா வெட்டி, கொஞ்சம் சீனியும் கறுவாவும் போட்டுச் சட்டியில தண்ணி வத்தும் வரைக்கும் பிரட்டி, ஆறவிட்டுச் சேருங்கோ. அந்த மணத்துக்கு முன்னால புளூபெரி நிக்காது.

இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வாங்காதீங்கோ, களியாப் போகும்.

பிளேன்டீ
எனக்குச் சுகர். கொலஸ்ட்ரோலும் இருக்கு. அதால நான் பாக்கிறது கணக்கை. ஓட்ஸில இருக்கிற நார் கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறதால "இருதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம்" எண்டு பெட்டியில போட அமெரிக்காவில 1997இல அனுமதி குடுத்தது, நாளுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் (அந்தக் கரையிற நார்) உள்ள போனால் எண்ட கணக்கில. அதுக்கு எழுபத்தைஞ்சு கிராம் ஓட்ஸ் அளவில வேணும். ரெண்டு கோப்பை ஓட்ஸ் 180 கிராம் வருமா? ஆறாப் பிரிச்சா துண்டுக்கு 30 கிராம். பாதி கூட இல்லை. இந்தத் துண்டைத் தின்னுபோட்டு மருந்தைக் குறைக்கலாம் எண்டு ஒருத்தரும் நினைக்கவேண்டாம்.

சீனிக் கணக்கும் கேளுங்கோ. வெளிநாட்டுச் செய்முறை சிலதில அரைக் கோப்பை சீனி, அதாவது 100 கிராம். துண்டுக்குப் பதினாறு பதினேழு கிராம். உலக சுகாதார அமைப்பு 2015இல, முடிஞ்சா நாள் முழுக்கவே 25 கிராமோட நிக்கச் சொன்னது. ஏழாம்மாடி போட்ட ரெண்டு கரண்டி பாணி பரவாயில்லை. ஆனா இந்த ஊரில எந்தக் கை ரெண்டு கரண்டியோட நிண்டிருக்கு?

புட்டுப்பானை
பாத்தீங்களோ? மருந்துமில்லை, மலிவுமில்லை. பிறகென்ன?

பிளேன்டீ
அண்ணை, உங்கட பக்கமும் நான் இல்லை. வெள்ளை அரிசிமாப் புட்டை வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைஞ்சு அடிக்கிற ஆக்கள் ஓட்ஸுக்குச் சீனிக் கணக்குக் கேக்கேலாது. உங்கட குரக்கன் புட்டுக்கு என்ர வோட் இருக்கு, அதுவும் தேங்காய்ப்பூவைக் குறைச்சா.

ஏழாம்மாடி
கொலஸ்ட்ரோல் குறையும் எண்டு நான் எங்கயாவது எழுதினனா? பிள்ளை வெறும் வயித்தோட வானில ஏறாம இருக்கவேணும், அவ்வளவுதான். முந்தி கிறீம் பிஸ்கட்டைக் கையில குடுத்து அனுப்பின நாள்களோட ஒப்பிடுங்கோ. ஞாயிற்றுக்கிழமைப் புட்டை ஒருத்தரும் உங்களிட்டப் பறிக்கேல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்
ஆவியில அவிக்கிற கதை நல்லாயிருக்கு, ஆனா அதுக்கும் கேஸ் போகும். எங்க வீட்டுல காலைல எப்பிடியும் இடியப்பம் அவியுது, அந்தச் சட்டி மேல வச்சிப் பாக்கலாம். ஓட்ஸ் விலை எங்க வீட்டம்மாவுக்குப் பிடிச்சா.

புட்டுப்பானை
சரி, ஒண்டு கேக்கிறன். செவ்வாயும் வெள்ளியும் எங்கட வீட்டில மரக்கறி, முட்டை உள்ள வராது. அப்ப உந்த ட்ரே என்ன செய்யும்? பிஞ்சு கொட்டுண்ணுமே.

கறுவா_வாசம்
கொட்டுண்ணாது. முட்டைக்குப் பதிலா இன்னொரு பழத்தை மசிச்சுப் போட்டு, பாலைக் கால் கோப்பை குறையுங்கோ. உங்களுக்காகவே சொல்லுறன், அரைக் கோப்பை ஓட்ஸை எடுத்துப்போட்டு அந்த இடத்துக்கு வறுத்த குரக்கன் மா போட்டாலும் பிடிச்சு நிக்கும். நிறம்தான் கறுக்கும். சூட்டோட வெட்டாம நல்லா ஆறின பிறகு வெட்டுங்கோ. ஆறினதும் பிரிட்ஜுக்குள்ள போகவேணும். பால் போட்ட சாமான், கொழும்புச் சூட்டில விடியும் வரைக்கும் மேசையில கிடக்கக் கூடாது. பிரிட்ஜில மூண்டு நாலு நாள் தாங்கும்.

புட்டுப்பானை
குரக்கன் போட்டா ஓட்ஸ் ஏன் எண்டுதான் நான் திரும்பவும் கேப்பன்.

ஏழாம்மாடி
கேளுங்கோ அண்ணை. எங்கட வீட்டில வான் வந்திட்டுது, பிறகு வந்து பதில் எழுதுறன்.